கடலைப் பார்ப்போரும் கடலால் வாழ்வோரும்

சென்னையில் கலங்கரை விளக்கம் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை நீளும் கடலோரத்தில் புதிதாக ஒரு சாலையோ பாலமோ வரப்போகிறது என்ற செய்தி எழும்போதெல்லாம், அப்பகுதிவாசிகளின் கருத்து என்று சில குரல்கள் முன்னுக்கு வருகின்றன. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசல் தீரும் என்று மகிழ்வோர் உண்டு. மாலை நடைக்கு இடமிராதே என்று கவலைப்படுவோர் உண்டு. வீட்டின் விலை ஏறுமா, இறங்குமா என்று கணக்கிடுவோரும் உண்டு. இவர்கள் அனைவரும் கடலைப் பார்த்து வாழ்பவர்கள். இதே கரையில் நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம், ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் எனக் கடலால் வாழ்பவர்களின் ஊர்கள் இருக்கின்றன. அவர்களுடைய கருத்து எப்போது கேட்கப்பட்டது, கேட்கப்படாதபோது என்ன நேர்ந்தது என்பதை வரலாற்றோடு இணைத்து நோக்குவோம். திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு மஹல்லாக்களில் வாழும் நமக்கு இது அயலார் வழக்கு அன்று.

கேட்கப்படாமல் இடம் பறிபோவது என்ன என்பதை நம் சமுதாயமும் இக்கரையிலேயே கண்டிருக்கிறது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் வளாகம் அன்று கடலை நோக்கி விரிந்திருந்தது. 1855-இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி நவாப் பதவியையே ஒழித்தது. அரண்மனை அரசின் கைக்குப் போனது. நவாபின் குடும்பம் பிற்காலத்தில் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறியது. அரண்மனையைச் சுற்றியும் அதை ஒட்டியும் அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லமும் எழுந்தன. நவாபின் அவையை நம்பி வாழ்ந்த திருவல்லிக்கேணி மக்களின் எண்ணத்திற்கு அத்தீர்மானத்தில் இடமிருக்கவில்லை. அரண்மனை இழந்தவர் வேறு, வலை உலர்த்தும் மணலை இழந்தவர் வேறு என்று சொல்லலாம், உண்மைதான். நவாபுக்கு ஓய்வூதியமும் பட்டமும் மிஞ்சின. மீனவருக்கு அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை.

மெரினாவின் அந்தப் பரந்த மணலே பிறிதொரு மாற்றத்தின் விளைவு. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. 1881-இன் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்கிறது. சுவர் குறுக்கே நின்றதும் அம்மணல் தெற்கே தேங்கிற்று. முன்பு சாலைக்கு அருகிலேயே அலையடித்த இடத்தில் அகன்ற மணல்வெளி உருவானது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் அங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். வடக்கே சேர வேண்டிய மணல் சேராமல் போகவே, இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. அங்கே இன்று கருங்கல் கொட்டிக் கரையைக் காக்கிறார்கள். தென்சென்னை மக்கள் காற்று வாங்கும் மணலுக்கான விலையை வடசென்னை மக்கள் கொடுத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரு கரையில் செய்யும் மாற்றத்தின் பலனும் பாதிப்பும் ஒரே வாசலில் வந்து நிற்பதில்லை. ஆகவே யாரிடம் கருத்துக் கேட்பது என்பதே முதல் கேள்வியாகிறது.

1985 நவம்பரில் அக்கேள்விக்குக் கிடைத்த விடை கசப்பானது. மெரினாவை அழகுபடுத்தும் நோக்கில், மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அப்புறப்படுத்த முற்பட்டது. மீனவர்கள் எதிர்த்தனர். காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. மீனவர்கள் சிலர் உயிரிழந்தனர். கடற்கரைக்கு உலாவ வந்தவர்களின் கண்ணுக்குக் கட்டுமரம் அழுக்காகத் தெரிந்தது என்பதே அந்நிகழ்வின் வேர்.

வெள்ளிதோறும் நாம் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களும் கிழ்ரு (அலை) அவர்களும் ஏறிச் சென்ற மரக்கலத்தின் நிகழ்வு வருகிறது. அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுக்குரியது என்றும், நல்ல மரக்கலங்களையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான் என்றும் 79-ஆம் வசனம் தெரிவிக்கிறது. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க வேண்டியதில்லை. எனினும் இவ்வசனத்திலிருந்து இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எடுத்த சட்டக்கருத்து ஒன்றை இங்கே நினைவுகூரலாம். மரக்கலம் வைத்திருந்தும் அவர்களை அல்லாஹ் 'மஸாகீன்' என்றே அழைக்கிறான். எனவே கையில் ஓரளவு உடைமை இருப்பதால் மட்டும் ஒருவர் 'மிஸ்கீன்' என்னும் நிலையிலிருந்து நீங்கிவிடுவதில்லை என்றார்கள். பல இலட்சம் ரூபாய்ப் படகு வைத்திருப்பவன் என்ன ஏழை என்று நம் வீட்டுக் கூடங்களிலும் கேட்கப்படுகிறது. அக்கேள்விக்கு நம் ஃபிக்ஹு நூல்கள் ஆயிரமாண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கின்றன.

தெற்கே பெசன்ட் நகரின் கதை சற்று வேறு. வீட்டுவசதி வாரியம் 1970-களில் உருவாக்கிய அக்குடியிருப்புக்கு, அருகே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் முன்பே இருந்தன. மனைவிலை ஏற ஏற, குப்பங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடையே தெரு ஒன்றுதான் என்றாலும் தொலைவு கூடிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதன் பின் மயிலாப்பூர்க் கரையோரத்து ஏழைக் குடும்பங்கள் பல, பாதுகாப்பு என்னும் பெயரில் தொலைவிலுள்ள செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டன. அதே கரையின் மாடிவீடுகளைப் பாதுகாப்புக் கருதி யாரும் இடம் மாற்றவில்லை.

இந்நிலையில்தான் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை, சுமார் 10 கிலோமீட்டருக்குக் கடற்கரையோரமாக உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் வந்தது. மதிப்பீடு ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு விரைந்து செல்லலாம் என்பது அதன் கவர்ச்சி. அக்கவர்ச்சி பொய்யும் அன்று. ஆனால் தூண்கள் நிற்கப்போவது படகு ஏற்றி இறக்கும் மணலில். கரைக்கும் குப்பத்துக்கும் நடுவே ஒரு காங்கிரீட் வரிசை வந்தால் படகை எங்கே இழுப்பது, வலையை எங்கே விரிப்பது என்று மீனவர்கள் கேட்டனர். பெசன்ட் நகர்வாசிகளுக்கு வேறு கவலைகள்: இரைச்சல், இழக்கப்போகும் கடற்காட்சி, மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள். அவ்வாமைகளைக் காக்க 1988 முதல் மாணவர் குழுவொன்று இரவுகளில் அக்கரையில் நடந்து வருகிறது.

காரணங்கள் வேறாயினும் இரு தரப்பும் அவ்வேளையில் ஒரே இயக்கமாகச் சேர்ந்தன. மாடியில் இருந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளைப் படிக்கத் தெரிந்தது. குப்பத்து மக்களுக்குக் கடலின் நீரோட்டமும் மணலின் போக்கும் தெரிந்திருந்தன. ஒருவர் அறிவு மற்றவருக்குத் தேவைப்பட்டது. அத்திட்டம் நிறைவேறவில்லை. ஆட்சி மாற்றம், சட்டச் சிக்கல், செலவு எனப் பல காரணங்களைக் கூறலாம். ஆயினும் இக்கரையில் பார்ப்போரும் வாழ்வோரும் ஒரே பக்கம் நின்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசையும் பறையும் சேர்ந்தொலித்த விழா தொடங்கியதற்கும் இப்பழக்கமே வழிவகுத்தது எனலாம்.

ஆனால் அவ்வொற்றுமை கலங்கரை விளக்கத்தின் பக்கம் பரவவில்லை. நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையில் மீன் விற்கும் கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்னும் விவகாரத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினர். அச்சாலையில் செல்வோரில் நம் குடும்பங்களும் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்மாரின் எரிச்சலை இகழ்வதற்கில்லை. பாதைக்கு உரிய உரிமையைக் கொடுக்கும்படி இறைத்தூதர் (ஸல்) அவர்கள் ஏவியதும், அவ்வுரிமைகளுள் பிறருக்குத் தொல்லை தராதிருத்தலை எண்ணியதும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளன. அந்நபிமொழியை மீன் விற்கும் பெண்களுக்கு எதிராக எடுத்துக்காட்டுவோரும் இருக்கிறார்கள்.

நம் பார்வையில் அவ்வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பாதை முந்தியதா, குப்பம் முந்தியதா என்பதை அது கேட்பதில்லை. ஓர் ஊரைச் சுற்றி அவ்வூரார் கால்நடை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பயன்படுத்தும் நிலத்தை 'ஹரீம்' என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தார்கள். பட்டா யாரிடமும் இராது; ஆயினும் அவ்வூரின் பிழைப்பு அதில் அடங்கியிருப்பதால் வேறொருவர் அதைத் தமதாக்கிக்கொள்ள முடியாது. மீனவ ஊருக்கு வலை உலர்த்தும் மணலும் படகு நிறுத்தும் கரையும் இவ்வகையில் சேரும் என்றே நாம் கருதுகிறோம். லூப் சாலை அம்மணலின் மீதுதான் வந்தது என்பது மீனவர்களின் கூற்று. 2024 ஆகஸ்டில் அங்கே 360-க்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் நீர் வசதியும் கிடைத்தது நன்மையே. அந்த அங்காடி முதலில் வந்திருந்தால் 2023-இன் மறியலுக்குத் தேவை இருந்திருக்காது.

பொதுத்தேவைக்காக இடம் கேட்கும் முறையை உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் காண்கிறோம். மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலை விரிவாக்க, அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கலீஃபா கேட்டார்கள். அப்பாஸ் (ரலி) மறுத்தார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் வழக்குச் சென்றது. தீர்ப்பு ஆட்சியாளருக்கு எதிராக அமைந்தது. உமர் (ரலி) அதற்குக் கட்டுப்பட்டார்கள். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி) அவ்வீட்டைத் தாமாக முஸ்லிம்களுக்கு வழங்கினார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விரிவாக்கப்பட்டது பள்ளிவாசல், கேட்டவர் கலீஃபா, அப்போதும் வீட்டுக்காரரின் சம்மதம் தேவைப்பட்டது. அஷ்ஷூரா அத்தியாயத்தின் 38-ஆம் வசனமும் கலந்தாலோசனையைத் தொழுகைக்கும் ஈகைக்கும் நடுவில் வைத்தே சொல்கிறது.

கப்பலின் மேல்தளத்தவரையும் கீழ்தளத்தவரையும் பற்றி நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழியை, தீமையைத் தடுத்தல் என்னும் கோணத்தில் நாம் ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். அதில் கீழிருப்போர் தண்ணீருக்காக மேல்தளத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அப்படிச் செல்வது மேலிருப்போருக்குத் தொல்லை என்று எண்ணித்தான் அவர்கள் அடிப்பலகையில் துளையிட முனைந்தார்கள். துளையிடுவதைத் தடுப்பது மேல்தளத்தவரின் கடமை. தண்ணீருக்கான வழியை முகம் சுளிக்காமல் திறந்து வைத்திருப்பதும் அவர்களுடையதே என்று நாம் வாசிக்கிறோம்.

கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாக வழி அமைக்கும் பேச்சு அண்மை ஆண்டுகளிலும் மீண்டும் மீண்டும் எழுகிறது. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி கரையோர மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் ஆயத்தமானபோது, தம் ஊர்களும் மீன்பிடி இடங்களும் அவற்றில் முழுமையாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் முறையிட்டனர். வரைவு வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் எந்தக் குடிமகனும் அதைப் பார்வையிட்டு எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம். அதற்குக் கரையில் சொந்த வீடு இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஜமாஅத்துகளின் முத்திரையிட்ட கடிதமும் அக்கோப்பில் சேரும்.