படிவம் 16-ஆ, 16ஏ-வா? ஊழியரும் கான்ட்ராக்டரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொச்சி வெலிங்டன் தீவில் துறைமுக ஆணையம், சுங்க அலுவலகம், கப்பல் ஏஜென்சிகள் எல்லாம் இருக்கின்றன. அங்குள்ள ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இரண்டு பொறியாளர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் நிரந்தர ஊழியர், இன்னொருவர் கன்சல்டன்ட். இருவருக்கும் ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லை.

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், ஊழியரிடம் டிடிஎஸ் பிடித்தம் பூஜ்யம். கன்சல்டன்ட்டிடம் 90,000 ரூபாய் வரை பிடித்திருப்பார்கள். ஆனால் இருவரும் கட்ட வேண்டிய வரி ஒன்றுதான்: பூஜ்யம். அப்போ அந்த 90,000? கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும்.

ஏன் இந்த வித்தியாசம்?

சம்பளம் என்றால், நிறுவனம் உங்கள் முழு ஆண்டு வரியைக் கணக்கிட்டு மாதாமாதம் பிடிக்கும் (பிரிவு 192). புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரித் தள்ளுபடியும் உண்டு.

கன்சல்டன்ட் என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் நேராக 10% (பிரிவு 194ஜே). தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2%. ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1% (பிரிவு 194சி). பான் எண் கொடுக்காவிட்டால் 20% வரை போகும்.

எந்தப் படிவம் எதற்கு?

• படிவம் 16: ஊழியருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 15-க்குள். 'ஏ' பகுதியில் காலாண்டுவாரியாகப் பிடித்த வரி, 'பி' பகுதியில் சம்பள விவரம்.

• படிவம் 16ஏ: சம்பளம் அல்லாத பிடித்தங்களுக்கு, காலாண்டுக்கு ஒருமுறை.

• படிவம் 26ஏஎஸ்: உங்கள் பான் எண்ணில் அரசுக்கு வந்து சேர்ந்த வரியின் பட்டியல். வருமான வரி இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

• ஏஐஎஸ்: வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை வரைக்கும் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கை.

வருமான வரி ஒன்றிய அரசின் வரி என்பதால், கொச்சியோ கோவையோ, படிவங்கள் ஒன்றுதான். சம்பளச் சீட்டில் வரும் தொழில் வரி மட்டும் வேறு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அது உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது.

எங்கே சிக்கல் வரும்?

*ஆண்டு நடுவில் வேலை மாறினால்:* இரண்டு படிவம் 16 வரும். முந்தைய சம்பளத்தை படிவம் 12பி மூலம் புது நிறுவனத்திடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிலையான கழிவும் வரிவிலக்கு வரம்பும் இரண்டு இடத்திலும் கணக்காகி, கடைசியில் நீங்கள் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

*பிடித்த வரி 26ஏஎஸ்-இல் இல்லை என்றால்:* நிறுவனம் அரசுக்குச் செலுத்தவில்லை, அல்லது பான் எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்கிறது. எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பிடித்த வரியை உங்களிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்கிறது பிரிவு 205. அதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கணும்: சம்பளச் சீட்டு, பில், வங்கிக் கணக்கு விவரம்.

*'சம்பளம்' என்று சொல்லிச் சேர்த்து 16ஏ கொடுத்தால்:* கணக்கில் நீங்கள் ஊழியரே அல்ல. பிஎஃப், பணிக்கொடை கேட்கும்போதுதான் இது உறைக்கும். வேலைக்குச் சேரும் முன்பே "எந்தப் பிரிவில் டிடிஎஸ் பிடிப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

கன்சல்டன்ட் என்ன செய்யலாம்?

பொறியியல், சட்டம், மருத்துவம், கணக்கியல் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி ஐடிஆர்-4 தாக்கல் செய்யலாம் (பிரிவு 44ஏடிஏ). கணக்குப் புத்தகம் வேண்டாம். ஆண்டு முழுக்க பணம் முடங்குவது கஷ்டம் என்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்கு படிவம் 13-இல் விண்ணப்பிக்கலாம்.

ஒரு கவனம்: இங்குள்ள எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டு சட்டத்தின்படி, 2025-26 வருமானத்துக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம், 2025 பொருந்தும். அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. பெயர் எதுவானாலும், நிறுவனம் தரும் சான்றிதழையும் 26ஏஎஸ்-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே தாக்கல் செய்யுங்கள்.