எம்டன்: ஊர்ப்பெயர் ஆட்பெயரான கதை

“அவனா? சரியான எம்டன்!” என்று திண்ணைப் பேச்சில் காதில் விழும்போதெல்லாம், அந்த ஒரு சொல்லுக்குள் ஓர் ஊரும் ஒரு போர்க்கப்பலும் பேரரசுகள் கட்டிக்கொண்ட உடன்படிக்கை முடிச்சுகளும் கிடப்பதை எண்ணி, சொல்லன்பர்களே, நான் வியப்பதுண்டு.

எம்டன், ஜெர்மனியில் எம்ஸ் ஆறு கடல்சேரும் இடத்துத் துறைமுக நகர். அதன் பெயர் தாங்கிய ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்த வழி, தூது தோற்ற வழி. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஜூலை 23 அன்று ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. தவணையைக் குறிக்கும் கெடு வேறு, அழிவைக் குறிக்கும் கெடு வேறு. அந்த இரண்டு நாளில் இரண்டும் ஒன்றாயின. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணங்கியும் பயனில்லை. நான்கு நாடுகள் கூடிப் பேசலாம் என்ற பிரித்தானிய அமைச்சர் கிரேயின் அழைப்பையும் ஜெர்மனி ஏற்கவில்லை. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி, செர்பியாவுக்கு ரஷ்யா, ரஷ்யாவுக்குப் பிரான்சு, பெல்ஜியத்துக்கு 1839இல் தந்த வாக்குக்காகப் பிரித்தானியா, பிரித்தானியாவோடு 1902இல் கைகோத்த ஜப்பான் எனத் துணைக்குத் துணையாய் எல்லாரும் போரில் இறங்க, சீனத்துச் சிங்தாவ் துறையை விட்டுக் கிளம்பிய எம்டன், திரும்பிச் செல்லத் துறையின்றி இந்தியப் பெருங்கடலில் அலைந்தது. மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாய் நான்காவது ஒன்றையும் நிறுத்திப் பிரித்தானியக் கப்பல்போல் உருமாறித் திரிந்தது.

செப்டம்பர் 22 இரவு அது வீசிய குண்டுகளால் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தைக் கல்வெட்டொன்று இன்றும் காட்டுகிறது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அது தங்கிய விதம்தான் அழகு. மகர ஒற்றை அடுத்து டகரம் வருவது தமிழ் மெய்ம்மயக்கத்துக்கு ஒவ்வாது. ஆயினும் நாக்கு அதைப் பொறுத்துக்கொண்டது. ஏனெனில் ஈற்றில் நின்ற ‘என்’ நம் வாயில் ‘அன்’ ஆனபோதே ஆண்பால் விகுதி அமைந்துவிட்டது. அஃறிணைக் கப்பல், முருகன், கண்ணன் வரிசையில் உயர்திணையாயிற்று. முதலெழுத்துகளோ எமனையும் எமகாதகனையும் நினைவூட்டின. எமகாதகன் அஞ்சத்தக்கவன் மட்டுமல்லன், சூழ்ச்சி வல்லவனும் ஆவான். எம்டனுக்கும் அவ்விரு பொருளும் ஒட்டியது இவ்வோசை உறவால்தான் என்பது என் துணிபு. அச்சம் தேயத் தேயக் ‘கெட்டிக்காரன்’ மேலெழுந்தது. வீட்டில் கண்டிப்பான தந்தையும் எம்டன் ஆனார்.

அப்படியொரு தந்தையைப் பற்றிய படத்துக்கு 2006இல் முதலில் வைத்த பெயர் ‘எம்டன் மகன்’. தமிழ்ப் பெயருக்கே வரிவிலக்கு என்றிருந்ததால் ‘டன்’ நீங்கி ‘எம் மகன்’ என்று வெளிவந்தது. எஞ்சி நின்ற ‘எம்’, சங்கப் புலவர் வாயிலும் வழங்கிய தன்மைப் பன்மை.