காய்ந்த கஞ்சாவும் ஈரப்பதமும்

கஞ்சா என்பது பெண் கஞ்சாச் செடியின் பிசின் நிறைந்த பூங்கொத்து. அளவுக்கு மீறிக் காய்ந்தால் அது நொறுங்கித் தூளாகும். ஈரக் காற்று பட்டால் மீண்டும் துவளும், எடையும் கூடும். ஈரம் திரும்பும்போது இழந்த வீரியமும் திரும்புமா? இதற்குத் தெளிவான விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. வரி, மருத்துவம், வேதியியல், சட்டம் ஆகிய நான்கும் இந்த வரலாற்றில் இடம்பெறுகின்றன.

நவகாவ் வயல்கள்

19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் அரசு உரிமத்துடன் கஞ்சா பயிரான முக்கிய இடம் ராஜஷாகி மாவட்டத்து நவகாவ் வட்டாரம். அது இன்று வங்காளதேசத்தில் உள்ளது. அங்கே ஆண் செடிகளை முன்னதாகவே பிடுங்கிவிடுவார்கள். விதை பிடிக்காத பெண் பூங்கொத்தில்தான் பிசின் மிகும். அறுத்த செடிகளை வெயிலிலும் இரவுப் பனியிலும் கிடத்திய பின் காலால் மிதித்துத் தட்டையாக்கினார்கள். இது தட்டைக் கஞ்சா. உருட்டித் திரட்டியது உருண்டைக் கஞ்சா. உதிர்ந்த துண்டுகளுக்குச் 'சூர்' என்று பெயர்.

பனி ஈரத்தின் பயன் நம் புகையிலை விவசாயிகளும் அறிந்ததே. காய்ந்த புகையிலையை அதிகாலைப் பனியில் இலை துவண்டிருக்கும்போது கையாளுவார்கள். வெயில் ஏறினால் நொறுங்கிவிடும்.

எடையும் வரியும்

அரசு எடைக் கணக்கில் வரி வசூலித்தது. காம்பு மிகுந்த தட்டைக் கஞ்சாவுக்குக் குறைந்த வரி, காம்பு குறைந்த உருண்டைக்கு அதைவிடக் கூடுதல், காம்பே இல்லாத சூருக்கு மிக அதிகம். ஆனால் கிடங்கில் காயக் காய எடை குறையும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் எடை கூடும். எனவே எடையை மட்டும் பார்த்துச் சரக்கின் தரத்தை முடிவு செய்ய இயலாது.

1893இல் மேக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. சென்னை மாகாணம் உட்படப் பல பகுதிகளில் ஏறத்தாழ 1,200 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் அறிக்கை அளித்தது. முழுத் தடையை அது பரிந்துரைக்கவில்லை; வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது.

மருந்தின் வீரியம்

கல்கத்தாவில் மருத்துவர் ஓஷாக்னெசி 1839இல் கஞ்சாவின் மருத்துவப் பயன் பற்றி எழுதிய பின், ஐரோப்பிய மருத்துவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரே அளவு மருந்து ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை பலனளிக்கவில்லை. நீண்ட கப்பல் பயணமும் கிடங்கில் தேங்கியதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

1896இல் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்பீல்ட் ஆகியோர் இந்தியச் சரஸ் பிசினை ஆராய்ந்தனர். அவர்களது ஆய்வின் வழியாக 'கன்னாபினால்' என்ற பெயர் வந்தது. அதுவே போதைக்குக் காரணம் என்று கருதப்பட்டது. 1964இல் இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் உண்மையான போதைப்பொருளான டி.எச்.சி.யைத் தூய நிலையில் பிரித்தனர். காற்றும் ஒளியும் வெப்பமும் படும்போது டி.எச்.சி. சிதைந்து கன்னாபினாலாக மாறுகிறது. ஆகவே பழைய சரக்கில் அது மிகுந்திருக்கும்.

முதற்கேள்விக்கு விடை இதுதான்: நீர் திரும்பினால் இலை துவளும், சிதைந்த டி.எச்.சி. மீளாது. ஈரம் மிகுந்தால் பூஞ்சணமும் பிடிக்கும்.

இன்றைய சட்டம்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா வைத்திருப்பது குற்றம். 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறைத்தண்டனை உண்டு. பச்சையாகப் பிடிபட்ட மூட்டை காவல் கிடங்கில் காய்ந்து எடை குறையும். எனவே பிடித்த அன்றே நிறுத்துப் பதிவு செய்வதும், நடுவர் முன் மாதிரி எடுப்பதும் இன்றியமையாதவை. எல்லையை ஒட்டிய வழக்கில், ஒருவரின் பத்தாண்டு வாழ்க்கை அந்த எடையைப் பொறுத்திருக்கலாம்.