உடன்படிக்கைப் பெட்டி எங்கே? சிஐஏ கண்டுபிடித்ததாகப் பரவும் தகவல் உண்மையா?

'இஸ்ரவேலரின் உடன்படிக்கைப் பெட்டியை சிஐஏ கண்டுபிடித்துவிட்டது' என்று 2025-ல் சமூக வலைதளங்களில் ஒரு ஆவணம் வைரலானது. ஆவணம் நிஜம்தான். 1988-ல் பதிவானது. ஆனால் அதில் இருப்பது அகழாய்வு முடிவு அல்ல. ஓர் அறையில் உட்கார்ந்தபடியே தொலைவில் உள்ளதை மனதால் 'பார்க்கும்' பயிற்சியில் ஒருவர் சொன்ன வர்ணனை. அவ்வளவே! பெட்டியை யாரும் எடுக்கவில்லை.

சரி, அது என்ன பெட்டி?

மோசே பெற்ற பத்துக் கட்டளைகள் பொறித்த இரு கற்பலகைகளை வைக்கச் செய்யப்பட்டதாக பைபிள் சொல்கிறது. சீத்திம் மரத்தில் செய்து உள்ளும் புறமும் பொன்தகடு. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியைவிட கொஞ்சம் பெரிசு. கையால் தொடக் கூடாது, தண்டுகளில்தான் சுமக்க வேண்டும். மாடுகள் இடறியபோது பெட்டி விழாமல் இருக்கப் பிடித்த ஊசா, அங்கேயே இறந்தான் என்கிறது சாமுவேலின் புத்தகம். பாவம், நல்லதுதான் செய்யப் போனான்.

எப்போது காணாமல் போனது?

எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உள்ளறையில் இருந்தது. கி.மு. 587 வாக்கில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை ஆலயத்தை எரித்தது. கொள்ளை போனவற்றை பைபிள் வெண்கலத் தூண், கரண்டி வரை பட்டியலிடுகிறது. பெட்டி மட்டும் அதில் இல்லை! மர்மம் தொடங்குவது இங்கேதான். முன்பே ஒளித்துவிட்டார்களா, உருக்கிவிட்டார்களா? எரேமியா ஒரு மலைக் குகையில் மறைத்தார் என்கிறது மக்கபேயர் இரண்டாம் நூல். கி.மு. 63-ல் ரோமத் தளபதி பாம்பே, பின்னால் கட்டப்பட்ட ஆலயத்தின் உள்ளறைக்குள் நுழைந்தபோது அங்கு பெட்டி இல்லை.

1909 முதல் 1911 வரை பிரிட்டனின் பார்க்கர் குழு எருசலேமில் புதையல் தேடித் தோண்டியது. இரவில் ரகசியமாகப் புனித வளாகத்துக்குள் புகுந்தது வெளியே தெரிந்து கலவரமே வெடித்தது. குழு ஓட்டம் பிடித்தது.

எத்தியோப்பியாவில் இருக்கிறதா?

'எங்களிடம்தான் இருக்கிறது' என்கிறது எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை. சாலொமோனுக்கும் சேபா ராணிக்கும் பிறந்த மெனெலிக் கொண்டுவந்தார் என்பது அவர்களின் 'கெப்ர நெகஸ்ட்' நூல் சொல்லும் கதை. அக்சும் நகரில் ஒரே ஒரு துறவி ஆயுள் முழுக்கக் காவல் இருக்கிறார். அவரைத் தவிர யாரும் பார்க்க முடியாது. அதனால் சோதிக்கவும் வழியில்லை.

ஆனால் அந்த ஊருக்கு இது வெறும் மர்மக் கதை இல்லை. 2020 நவம்பரில் டிக்ரே போரின்போது எரித்ரியப் படையினர் அக்சுமில் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றதாக அம்னெஸ்டி அறிக்கை கூறியது. பெட்டியும் பறிபோனதோ என்ற அச்சம் அப்போது உலகம் முழுக்கப் பரவியது.

எத்தியோப்பிய தேவாலயம் ஒவ்வொன்றிலும் 'தாபோத்' என்ற புனிதப் பலகை இருக்கும். பெட்டியையும் அதிலிருந்த கற்பலகைகளையும் குறிப்பது அது. 1868-ல் மக்தாலாவில் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்தவற்றில் 11 தாபோத்கள் இன்னும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான். எத்தியோப்பியா திருப்பிக் கேட்கிறது. மியூசியமோ அவற்றைக் காட்சிக்கு வைப்பதில்லை. அதன் ஊழியர்களே பார்க்க அனுமதி இல்லை.