மூங்கில் கூடையும் கரிசல் வீடும்: டிம் சம் உணவின் வழியே ஒரு வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் குறைவு. கண்மாய் நிறையும் ஆண்டுகளும் குறைவு. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் எனக் கரிசல் மண் தந்ததைக் கொண்டும் தறியின் வருவாயைக் கொண்டும் வாழ்ந்த மக்கள், அவை போதாத காலங்களில் கடல் கடந்தனர். 1910இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டம், இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தன் மக்களை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. 1985இல் அது பிரிக்கப்பட்டு நம் ஊர்கள் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்த பின்னரும் அந்தப் பயணம் நிற்கவில்லை. ரங்கூனும் பினாங்கும் இருந்த இடத்தில் இன்று சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஹாங்காங் என்னும் பெயர்கள் வீடுகளில் புழங்குகின்றன.

இந்தப் பயணங்களோடு ஒரு கேள்வியும் நம் வீடுகளுக்குள் வந்துள்ளது. சீன உணவகங்களில் சிறு மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கப் பரிமாறப்படும் டிம் சம்மை முஸ்லிம் குடும்பத்தார் உண்ணலாமா? "கோழிதான் அத்தா, சாப்பிட்டால் என்ன?" என்று கைப்பேசியில் படம் அனுப்புகிறான் மகன். "சீனக் கடையில் ஏதப்பா ஹலால்?" என்று மறுக்கிறார் தந்தை. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறிய வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

டிம் சம் என்பது தனி ஒரு பண்டத்தின் பெயரன்று. தென்சீனத்தின் குவாங்டொங் மாநிலத்தில், தேநீரோடு உண்ணப்படும் சிற்றுண்டிகள் அனைத்துக்குமான பொதுப்பெயர் அது. கான்டனீய மொழியில் அதன் பொருள் இதயத்தைத் தொடுவது என்பதாகும். இவ்வாறு கூடி அமர்ந்து உண்பதை அவர்கள் யம் சா, அதாவது தேநீர் அருந்துதல் என்பர். காலையிலோ நண்பகலிலோ குடும்பத்தார் வட்ட மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒரு கூடையில் மூன்று அல்லது நான்கு உருண்டைகளே இருக்கும். அனைவரும் பகிர்ந்து உண்பர். ஒருவர் தேநீர் ஊற்றும்போது மற்றவர் விரல் நுனியால் மேசையை மெல்லத் தட்டி நன்றி தெரிவிப்பார். 19ஆம் நூற்றாண்டில் குவாங்சோ நகரத்துத் தேநீர் விடுதிகளில் செழித்த இந்த வழக்கம், அங்கிருந்து புலம்பெயர்ந்தோரால் ஹாங்காங், சிங்கப்பூர், மலாயா எங்கும் பரவிற்று.

நீராவியில் வேகவைப்பது நமக்கு அந்நியமான சமையலன்று. இடியாப்பமும் புட்டும் கொழுக்கட்டையும் நம் அடுப்படியின் அன்றாடப் பண்டங்கள். அரிசி மாவை உருட்டி இறைச்சியோடு சேர்த்துச் சமைக்கும் தக்கடி, நம் வீடுகளுக்கே உரிய உணவு. மாவுக்குள் கறியைப் பொதிந்து ஆவியில் அவிக்கும் சீனத்துச் சமையலறையைப் பார்த்தால், நம் வீட்டுப் பெண்களுக்கு அதன் முறை உடனே விளங்கிவிடும். ஆகவே தயக்கத்திற்குக் காரணம் செய்முறையன்று. உள்ளே பொதியப்படும் பொருளே.

அந்தத் தயக்கத்திற்கு நியாயம் உண்டு. டிம் சம் வகைகளுள் பெயர் பெற்ற சியு மாய், பன்றி இறைச்சியும் இறாலும் கலந்து செய்யப்படுவது. சார் சியு பாவ் என்பது இனிப்பூட்டிய பன்றி இறைச்சியை உள்ளே வைத்த வெண்ணிற ரொட்டி. முள்ளங்கியும் அரிசி மாவும் கொண்டு செய்யும் பணியாரத்தில் சீனத்துப் பன்றிக் கொத்திறைச்சித் துண்டுகள் கலந்திருக்கும். முட்டைப் பாலேடு நிரப்பிய இனிப்பின் மேலோட்டைப் பன்றிக் கொழுப்பில் பிசைவதும் பழைய வழக்கம். கோழிக்கறியை ஊறவைக்கும் சாற்றில் ஷாவ்சிங் என்னும் அரிசி மது சேர்வதுண்டு. அந்தக் கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. ஆகவே "கோழிதான்" என்னும் ஒரு சொல் போதுமானதன்று.

ஆயினும் "சீனக் கடையில் ஏதப்பா ஹலால்" என்னும் கேள்விக்கு வரலாறு தரும் விடை நம்மை வியக்கவைக்கும். சீனத்தில் இஸ்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறது. குவாங்சோ நகரத்தின் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் அந்நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. டிம் சம் வளர்ந்த அதே நகரத்தில் அதன் மினாரா இன்றும் நிற்கிறது. அரேபிய வணிகர் ஜைத்தூன் என்றழைத்த சுவான்சோ துறைமுகத்தின் பள்ளிவாசல் ஹிஜ்ரி 400இல், அதாவது கி.பி. 1009 அளவில் கட்டப்பட்டது. அதே சுவான்சோவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது. அது சிவன் கோயில் ஒன்றைப் பற்றியது. நம் மொழி பேசியோரும் நம் மார்க்கத்தைப் பின்பற்றியோரும் ஒரே சீனத் துறைமுகத்தில் வாழ்ந்ததற்கு இவ்விரண்டும் சான்றுகளாகும்.

சீன முஸ்லிம்களுள் பெரும் பிரிவினரான ஹூய் மக்கள் தம் உணவு விடுதிகளில் சிங்ச்சென் என்னும் இரு எழுத்துகளைப் பொறித்துவைப்பர். தூய்மை, உண்மை என்பது அவற்றின் பொருள். ஹலால் என்று நாம் சொல்வதைத் தம் மொழியில் அவர்கள் அவ்வாறு சொன்னார்கள். லான்சோ நகரத்தின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ் அவர்களது கைப்பக்குவமே. அவர்கள் சீனச் சமையலைக் கைவிடவில்லை. அதற்குள்ளிருந்து விலக்கப்பட்டதை மட்டும் நீக்கினார்கள்.

அந்த ஹூய் மக்களுள் ஒருவரின் கப்பல்கள் நம் கடற்கரைக்கே வந்திருக்கின்றன. 1371இல் யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த செங் ஹ, மிங் பேரரசரின் கடற்படைத் தலைவராக 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் பயணங்களை நடத்தினார். அவரது கப்பல்கள் சென்ற இடங்களின் பட்டியலில் காயலும் உண்டு. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அவரது கல்வெட்டு ஒன்று 1911இல் இலங்கையின் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் சார்பிலும் காணிக்கைகளைச் சொல்கின்றன. சீன முஸ்லிம் ஒருவரின் கல்லில் நம் தமிழ் இடம்பெற்று ஆறு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

அடுத்த சந்திப்பு ஆங்கிலேயர் காலத்துத் துறைமுக நகரங்களில் நிகழ்ந்தது. சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பினர். சிங்கப்பூரில் 1826இல் அவர்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், இன்று சைனாடவுன் எனப்படும் பகுதியின் நடுவிலேயே நிற்கிறது. தெலுக் ஆயர் தெருவில் அவர்கள் அமைத்த நாகூர் தர்காவும், சீனரின் தியன் ஹொக் கெங் கோயிலும் அண்டை வீட்டாரைப் போல் நிற்கின்றன. பிற்காலத்தில் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய நம் முன்னோர்கள், சீனருடைய கடைகளுக்கு இடையே தொழில் செய்தனர். கொடுக்கல் வாங்கல் இருந்தது, நட்பும் இருந்தது. ஆனால் ஒரே மேசையில் அமர்ந்து உண்பது எளிதாக இருக்கவில்லை. அடுப்பில் எது வேகிறது என்று உறுதி சொல்ல அன்று பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லை. ஐயத்திற்குரியதை விட்டு விலகுவதே அவர்கள் கைக்கொண்ட பேணுதல். அதைக் குறுகிய மனம் என்று இன்றைய பிள்ளைகள் எண்ணலாகாது.

அந்த நிலையை மாற்றியது சான்றிதழ் முறை. மலேசியாவில் 1974இல் பிரதமர் துறையைச் சேர்ந்த இஸ்லாமிய விவகாரப் பிரிவு ஹலால் உறுதிக் கடிதங்களை வழங்கத் தொடங்கிற்று. இன்று அப்பணியை ஜாக்கிம் செய்கிறது. சிங்கப்பூரில் 1968இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றமாகிய முயிஸ், 1978 முதல் ஹலால் சான்று அளித்து வருகிறது. இறைச்சி வந்த இடம், எண்ணெய், சாறுகள், பாத்திரங்கள் ஆகிய யாவும் சரிபார்க்கப்படுவதால், சீன உணவை ஐயமின்றி உண்ணும் வழி திறந்தது. டிம் சம் கூடைகளில் பன்றிக்குப் பதிலாகக் கோழியும் இறாலும் மாட்டிறைச்சியும் இடம்பெற்றன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹாங்காங்கில் உள்ளது. வான் சாய் பகுதியில் 1981இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் அம்மார், உஸ்மான் ராம்ஜு சாதிக் இஸ்லாமிய நிலையம் என்னும் பன்மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் உணவகம் ஒன்று இயங்குகிறது. அங்கே பகல் வேளையில் ஹலால் டிம் சம் பரிமாறப்படுகிறது. தொழுகை முடித்து வருவோர் நாடு, மொழி வேறுபாடின்றி அங்கு அமர்கின்றனர். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் வணிகத்தின் பொருட்டு நெடுங்காலமாகச் சென்று தங்கும் நகரம் அது. பள்ளிவாசலும் டிம் சம்மும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

பயணம் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்னும் அறிவிப்புப் பலகை வேறு. ஹலால் சான்றிதழ் வேறு. முன்னது அறுப்பு முறையையோ மதுவையோ பற்றி எதுவும் சொல்வதில்லை. சான்றிதழில் வழங்கிய அமைப்பின் பெயரையும் காலாவதி நாளையும் பார்ப்பது நல்லது. கேட்பதில் வெட்கம் வேண்டா. கேட்கும் முறையில் பணிவு வேண்டும்.

சான்றிதழ் இருந்தாலும் நம் குடும்பங்களுக்குள் தீர வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சும். டிம் சம்மில் புகழ்பெற்ற ஹார் காவ், மெல்லிய மாவுக்குள் இறால் பொதிந்தது. நம் கரிசல் வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபே மிகுதி. ஷாஃபிஈ மத்ஹபில் கடல் உணவுக்குப் பரந்த அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகுமானது, நண்டு ஆகாது. இறால் மீன் இனத்தில் சேருமா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. மணவுறவால் இரு மத்ஹபினரும் ஒரே மேசையில் அமரும் வீடுகளில், ஒருவர் உண்பதை மற்றவர் பழிக்காமலும் உண்ணாதவரை வற்புறுத்தாமலும் இருப்பதே பண்பு. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

இங்கே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு வழிகாட்டும். அவர்கள் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, அது தம் மக்களின் பூமியில் இல்லாத உணவு என்பதால் தமக்கு விருப்பமில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டபோது தடுக்கவும் இல்லை. உடும்பைப் பற்றிய சட்டத்தில் மத்ஹபுகள் வேறுபடினும், பழக்கமின்மையால் வரும் விருப்பக்குறைவு வேறு, மார்க்கத் தடை வேறு என்னும் பாடம் அதில் தெளிவாக உள்ளது. உணவு எதையும் அவர்கள் குறை கூறியதில்லை என்பதும் நாம் அறிந்ததே.

இன்று டிம் சம்மின் உறவினரான மோமோ நம் பக்கத்து நகரங்களின் தெருவோர வண்டிகளுக்கே வந்துவிட்டது. திபெத்திலும் நேபாளத்திலும் வேரூன்றிய உணவு அது. நம் நாட்டில் உணவகங்களுக்கு அரசே ஹலால் சான்று அளிக்கும் முறை இல்லை. தனி அமைப்புகளே அளிக்கின்றன. மாலை நேரத்து வண்டிகளில் எந்தச் சான்றிதழும் இராது. எந்தக் கடையில் கறி வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் இன்முகத்தோடு கேட்பதே நம் கையிலுள்ள வழி. விடையில் மனம் நிறைந்தால் உண்ணலாம். இல்லையேல் அரிசி மாவும் ஆட்டுக் கொத்துக்கறியும் இட்லிக் கொப்பரையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

முன்னோர்கள் உண்ணாமல் விலகியதும், இன்று நாம் விசாரித்து உண்பதும் ஒரே பேணுதலின் இரு வடிவங்கள். அவர்களுக்குக் கேட்டறியும் வசதி இல்லை, நமக்கு இருக்கிறது. வசதி இருந்தும் கேளாமல் உண்பது அலட்சியம். வசதி இருந்தும் கேளாமலே பிறர் உணவை இகழ்வதும் அலட்சியமே. மகனுக்கும் தந்தைக்கும் இடையிலான அந்தப் பேச்சு, "யார் சமைத்தது, எதைக் கொண்டு சமைத்தது?" என்னும் ஒரே கேள்வியில் இணையுமானால், ஹூய் மக்கள் தம் கடை முகப்பில் பொறித்த தூய்மையும் உண்மையும் நம் தட்டிலும் நிலைபெறும், இன்ஷா அல்லாஹ்.