கிணற்றடித் தக்காளி

எங்கள் ஆச்சி தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் தக்காளிப்பழத்தைச் சமையலில் சேர்த்தவரல்லர். ரசத்துக்கும் மீன்குழம்புக்கும் பழப்புளிதான். ஐயா கிணற்றடியில் பாத்தி கட்டித் தக்காளி நட்ட காலத்திலும், "பிள்ளை, உந்தச் சாமானை என்ரை சட்டிக்குள்ளை போட்டிடாதை" என்று அம்மாவுக்குச் சொல்லிவிடுவார். நாங்கள் பச்சையாகத் தின்னலாம், அவ்வளவுதான்.

நாங்கள் சிரிப்போம். பின்னர் இப்பயிரின் வரலாற்றைப் படித்தபோதுதான் ஐரோப்பாவிலும் இத்தகைய ஆச்சிமார் பலர் இருந்தனர் என்பது தெரிந்தது.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதியில் காட்டுச்செடியாய் இருந்து, மெக்சிக்கோவில் தோட்டப் பயிரானது தக்காளி. 1521 இல் அஸ்தெக்குகளின் தலைநகர் ஸ்பானியர் கையில் வீழ்ந்தபின் அது கடல் கடந்தது. 1554 இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதற்குப் 'பொன் ஆப்பிள்' என்ற பெயரை எழுதிவைத்தார். ஆனால் இலண்டனில் அதைத் தம் தோட்டத்திலேயே வளர்த்த ஜோன் ஜெராட், 1597 இல் வெளிவந்த தம் மூலிகை நூலில், செடி முழுவதும் துர்வாடை வீசுவதாகக் குறை சொன்னார். பெலடோனா போன்ற நச்சுச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததல்லவா, அச்சம் இருக்கத்தானே செய்யும்! 1753 இல் லின்னேயஸ் இட்ட தாவரவியற் பெயரிலும் 'ஓநாய்ப் பீச்சு' என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலோ அது காயா கனியா என்பதே வழக்காகி, 1893 இல் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. பிரதான உணவோடு உண்ணப்படுகிறதே தவிர, உணவின் பின் இனிப்பாக அல்ல. ஆகவே சுங்கத் தீர்வைக்கு அது மரக்கறியே என்று தீர்ப்பாயிற்று.

என்னை அதிகம் கவர்ந்தது பெயர்தான். அன்னாசி தன் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. தக்காளி அப்படியல்ல. வேலியோரத்தில் முளைக்கும் மணத்தக்காளியும், காயைத் தோலுறை மூடியிருக்கும் சிறுதக்காளியும் நம்மிடம் ஏற்கெனவே இருந்தன. உறையைக் கையில் அடித்து 'சொடக்' என்று வெடிக்கவைப்பார்களே, அந்தச் செடிதான் பின்னது. வந்த செடிக்கு இவற்றின் பெயரையே கொடுத்தோம். சிங்களத்திலும் அது 'தக்காலி'தான். வியப்பு என்னவென்றால், மெக்சிக்கோவின் நகுவா மொழியிலும் 'தொமாத்ல்' என்ற சொல் இதேபோல உறை மூடிய காய்க்கும் உரியதாய் இருந்தது. சிவந்த பெரிய பழத்துக்கு அச்சொல்லின் முன் ஓர் அடை சேர்த்தார்கள். ஸ்பானியர் அந்த வேறுபாட்டைப் பாராமல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், ஒரே உறவுமுறையை இச்செடிகளிற் கண்டிருக்கிறார்கள்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் யூரியா எங்கள் பக்கம் வரவில்லை. மண்ணெண்ணெய் இல்லாததால் இறைக்கும் மெசின் ஓய்ந்து, துலா மீண்டும் ஏறி இறங்கிற்று. ஐயா பூவரசங் குழையும் ஆட்டெருவும் தாட்டு நட்டார். விதைப் பைக்கற்றுக்கும் வழியில்லை. நல்ல பழமொன்றைப் பிசைந்து, விதையைச் சாம்பலிற் பிரட்டி, துணியில் முடிந்து அடுப்படிப் பரணில் வைப்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, அம்மா நகையோடு அந்த முடிச்சையும் எடுத்திருந்தார். ஏன் எடுத்தேன் என்று அவருக்கே தெரியாது. உறவினர் வளவொன்றில் இருபது பேராய் ஒதுங்கியிருந்தோம். குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் ஐயா அந்த விதையைத் தூவினார். மாசியில் பழுத்தது. அப்போது பழப்புளி வாங்கக் கையிற் காசில்லை. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. தாமே நாலு பழத்தைப் பறித்து, கையாற் பிசைந்து ரசத்திற் கரைத்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

1996 சித்திரையில் வீடு திரும்பியபோது கிணறு தூர்ந்திருந்தது. ஐயா பழைய கத்தரிப் பாத்தியிலேயே தக்காளியை நட்டார். பூக்கும் பருவத்தில் செடிகள் இலை பச்சையாய் இருக்கவே ஒவ்வொன்றாய் வாடிச் சாய்ந்தன. ஒரு தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினோம். பால்போல ஒரு நூல் இறங்கிற்று. மண்ணிலிருந்து வரும் பக்ரீரியா வாடல் நோய் அது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம் என்பதால், ஒன்றன்பின் ஒன்றாய் அதே இடத்தில் நடக்கூடாது என்பதை அன்று கற்றோம்.

ஆச்சி அந்தச் செடிகளைப் பிடுங்கி எரிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பின்னர் ஐயாவிடம், "தம்பி, முடிச்சிலை இன்னும் விதை கிடக்கே?" என்று கேட்டார்.