பத்து பிட்டுக்குள் ஒரு காலண்டர்

பழைய கார் ஜிபிஎஸ் கருவியில புது மேப் ஏத்தின பிறகும் தேதி தப்பா, 20 வருஷம் பின்னாடி காட்டுதா? மேப் மேல சந்தேகம் வேண்டாம். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-ல் தொடங்குது. செயற்கைக்கோள் அனுப்பும் வார எண்ணுக்கு ஒதுக்கினது 10 பிட்தான். 1023 வரைக்கும் எண்ணிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும். 1999 ஆகஸ்ட்ல முதல் தடவை வந்தது. ஒய்2கே-வுக்கு நாலு மாசம் முன்னாடி! ரெண்டாவது, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவு. நியூயார்க் நகர நிர்வாகத்தோட வயர்லெஸ் நெட்வொர்க்கே அன்னைக்கு முடங்குச்சு. பத்து பிட் போட்டவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1999-ஐப் பார்த்த பிறகும் தயாராகாதவங்களைத்தான் சொல்வேன். ஃபர்ம்வேர் திருத்தம் வந்த கருவிகள் பிழைச்சுது. தயாரிப்பாளர் கைவிட்டதுக்கு எத்தனை மேப் போட்டாலும் தேதி திருந்தாது. புதிய சிக்னல்களில் 13 பிட். பழைய சிக்னலுக்கு அடுத்த கெடு 2038 நவம்பர்.